அப்பா ராத்திரி அஞ்சு தடவை எந்திரிக்கிறாரு: எல்லாத்துக்கும் புராஸ்டேட்தான் காரணமா?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். இது பொதுத் தகவல் மட்டுமே. எந்த மாத்திரையையும் நிறுத்துவதும் மாற்றுவதும் உங்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகுதான்.)

இன்னைக்கு எபிசோடு ஒண்ணுக்குப் போறதைப் பத்தி. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க. ஏன்னா இன்னைக்கு நான் பேசப்போறது உங்க அப்பாவைப் பத்தி, உங்க தாத்தாவைப் பத்தி. அவங்க இதை உங்ககிட்ட வாயைத் திறந்து சொல்லவே மாட்டாங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் கிடையாது. எங்க அப்பாவுக்கு இந்தப் பிரச்சினை வந்துச்சு. ஒரு வருஷமா டாக்டர்கள்கிட்ட கேட்டும் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். அப்பாகிட்ட அனுமதி வாங்கிட்டுதான் பேசறேன். "பேரைச் சொல்லாத சாமி, மத்தபடி நாலு பேருக்கு உதவுச்சுன்னா சொல்லு"ன்னாரு.

தாழ்ப்பாள் சத்தம்

நமக்கு ஊரு நாமக்கல் பக்கம். அந்த ஊர்ல லாரி இல்லாத சொந்தபந்தம் இருக்காது. ஒருத்தர் ஓட்டுவாரு, ஒருத்தர் பாடி கட்டுவாரு, ஒருத்தர் ஃபைனான்ஸ் பண்ணுவாரு. அப்பா முப்பத்தி நாலு வருஷம் ஸ்டீயரிங் பிடிச்சவரு. இப்ப வயசு 67.

போன வருஷம் பொங்கலுக்குப் பெங்களூர்ல இருந்து போயிருந்தேன். எங்க வீட்டுல பாத்ரூம் பின்வாசல்ல இருக்கு. கதவைத் திறந்து ரெண்டு படி இறங்கணும். நான் அந்தக் கதவுக்குப் பக்கத்து ரூம்ல படுத்திருந்தேன். பதினொன்றரைக்குத் தாழ்ப்பாள் சத்தம். ஒரு மணிக்கு மறுபடியும். அப்புறம் ரெண்டேகால், மூன்றரை, நாலே முக்கால். அஞ்சு தடவை.

காலையில கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி, வயசாச்சில்ல"ன்னாரு. அவ்வளவுதான் பதில்.

தைக் கடைசியில ஆத்தூர்ல ஒரு கல்யாணம். சேலம் போய் பஸ் மாறிப் போகணும். அப்பா, "எனக்கு முட்டி வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க"ன்னுட்டாரு. பொண்ணு அவரோட உயிர் சிநேகிதரோட பேத்தி. அம்மாதான் அடுப்படியில வச்சு மெதுவாச் சொன்னாங்க. "முட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பஸ்ல அடக்க முடியாதுன்னு பயப்படறாரு. ரெண்டு வருஷமா எங்கேயும் வர்றதில்ல. பொழுதோட ஆனா தண்ணியே குடிக்கறதில்ல."

அவர் ட்ரீட்மெண்டே எடுக்காம இருந்தாருன்னு நினைச்சுக்காதீங்க. ஒன்றரை வருஷமா புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாத்திரை போட்டுக்கிட்டுதான் இருந்தாரு. ஸ்கேன்ல "சதை வளர்ந்திருக்கு"ன்னு வந்திருக்கு. மாத்திரையில யூரின் போற வேகம் நல்லாவே சரியாச்சு. ஆனா ராத்திரிக் கணக்கு மட்டும் குறையவே இல்லை.

அப்படின்னா மாத்திரை தப்பா? இல்லை. மாத்திரை அதோட வேலையைச் செஞ்சிருக்கு. நாங்க கேட்ட கேள்விதான் பாதிக் கேள்வி.

வரத்து, அணை, மதகு

புராஸ்டேட்னா என்னன்னு வேகமாப் பார்த்துடலாம். ஆண்களுக்கு மட்டும் இருக்கற ஒரு சுரப்பி. மூத்திரப்பைக்குக் கீழே, யூரின் வெளியே வர்ற குழாயைச் சுத்தி இருக்கும். சின்ன வயசுல சுமார் 20 கிராம். வயசாக ஆக வளரும். 60 வயசுல ஏறக்குறைய பாதி ஆண்களுக்கு இந்த வளர்ச்சி இருக்கும். இது கேன்சர் இல்லை. வளர்ந்து குழாயை நெருக்குச்சுன்னா யூரின் மெதுவா வரும், விட்டு விட்டு வரும், முழுசாப் போன திருப்தி இருக்காது.

ரொம்ப காலமா, வயசான ஆணுக்கு யூரின் தொந்தரவுன்னாலே டாக்டர்களும் அதைப் புராஸ்டேட் கணக்குலதான் எழுதிட்டு இருந்தாங்க. 1994இல் பால் ஆப்ரம்ஸ்ங்கற இங்கிலாந்து சிறுநீரக மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினாரு. இந்தத் தொந்தரவையெல்லாம் புராஸ்டேட் பேர்ல கூப்பிடறதை விடுங்க, 'கீழ் சிறுநீர்ப்பாதை அறிகுறிகள்'னு பொதுவாச் சொல்லுங்கன்னாரு. பேர்ல என்ன இருக்குன்னு தோணும். ஆனா பேர்லயே காரணத்தைச் சேர்த்துட்டா, வேற காரணத்தை யாரும் தேட மாட்டாங்க.

நம்ம ஊரு உதாரணமே சொல்றேன். மேட்டூர் அணை. 120 அடி. திடீர்னு ஒருநாள் உபரி நீர் ஏராளமா வெளியே போகுதுன்னா, மதகு ரிப்பேர்னா சொல்லுவோம்? மேல மழை, கபினியிலயும் கிருஷ்ணராஜ சாகர்லயும் திறந்து விட்டிருக்காங்க, வரத்து அதிகம்னு சொல்லுவோம். உடம்புலயும் அதே கதைதான். சிறுநீரகத்துல இருந்து வர்றது வரத்து. மூத்திரப்பை அணை. புராஸ்டேட் இருக்கற இடம் மதகு. எப்ப நிறுத்தணும், எப்ப திறக்கணும்னு சொல்ற மூளையும் நரம்பும் கன்ட்ரோல் ரூம்.

மதகுல கோளாறுன்னா அது புராஸ்டேட்டா இருக்கலாம். ஆனா வரத்து சுகரால கூடலாம், இதயத்தால கூடலாம், கால் வீக்கத்தால கூடலாம், குறட்டையால கூடலாம். கன்ட்ரோல் ரூம் பக்கவாதத்தாலயோ முதுகுத்தண்டாலயோ கெடலாம். வயசானவங்களுக்கு இதுல ஒண்ணு மட்டும் இருக்கறது அபூர்வம். ரெண்டு மூணு சேர்ந்துதான் இருக்கும்.

மூணு நாள் நோட்டு

எங்களுக்குத் திருப்பம் வந்தது ஒரு நோட்டுப் புத்தகத்தால. அப்பாவை வேற ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்துட்டு, "மூணு நாளைக்கு அளந்து எழுதிட்டு வாங்க"ன்னாரு.

செய்யறது ரொம்ப ஈஸி. ஒரு பிளாஸ்டிக் அளவு மக் வாங்கிக்கலாம். இல்லைன்னா அரை லிட்டர் தண்ணி பாட்டிலை மேல வெட்டிட்டு, மார்க்கர்ல 100, 200, 300னு கோடு போட்டுக்கலாம். ஒவ்வொரு தடவையும் மணி என்ன, எத்தனை மில்லி, அவசரமா ஓட வேண்டியிருந்துச்சா, சொட்டு கசிஞ்சுச்சா. கூடவே என்ன குடிச்சாரு, எப்ப குடிச்சாரு. எத்தனை மணிக்குப் படுத்தாரு, எந்திரிச்சாரு. அவ்வளவுதான்.

இதுல மூணு விஷயம் தெரியும். ஒண்ணு, 24 மணி நேரத்துல மொத்தம் எவ்வளவு. அது 3 லிட்டரைத் தாண்டுதுன்னா சுகரைப் பார்க்கணும், தண்ணி அளவுக்கு மீறிக் குடிக்கிறாரான்னும் பார்க்கணும். ரெண்டு, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு. ஐம்பது, அறுபது மில்லியா அடிக்கடி போனா, அணையோ மதகோ பிரச்சினை. மூணு, ராத்திரிப் பங்கு எவ்வளவு. படுத்த பிறகு போனது எல்லாத்தையும், காலையில எந்திரிச்சதும் போற முதல் தடவையையும் சேர்த்துக் கூட்டணும். 65 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு அது மொத்தத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போனா, சிறுநீரகம் ராத்திரியில அதிகமா உற்பத்தி பண்ணுதுன்னு அர்த்தம்.

அப்பாவோட கணக்கு: ஒரு நாளைக்கு மொத்தம் 2,100 மில்லி. அதுல ராத்திரி மட்டும் 1,250. பாதிக்கு மேல! ஒவ்வொரு தடவையும் 200 மில்லிக்குக் குறையாம. ஒரு டம்ளர் நிறைய. அதாவது அணை சும்மா சும்மா அவரை எழுப்பலை. நிஜமாவே ரொம்பித்தான் எழுப்பியிருக்கு. ராத்திரியில அவருக்கு இருந்தது மதகு பிரச்சினை இல்லை, வரத்துப் பிரச்சினை.

டாக்டர் நோட்டை மூடி வச்சுட்டு, "ஐயா, காலைக் காட்டுங்க"ன்னாரு.

கால்ல தேங்கின தண்ணி

கணுக்காலுக்கு மேல, எலும்பு மேல கட்டை விரலை வச்சு ஒரு பத்து விநாடி அழுத்தினாரு. எடுத்ததும் குழி அப்படியே நின்னுச்சு. அந்தக் காலை நான் பொங்கல்ல பார்த்திருக்கேன். நல்லா பூசினாப்ல இருக்காருன்னு நினைச்சேன்.

நடக்கறது இதுதான். பகல் முழுக்க காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தா, ரத்தக்குழாயில இருந்து நீர் கசிஞ்சு கால்ல தேங்கும். ராத்திரி படுத்ததும் கால் இதயத்தோட மட்டத்துக்கு வந்துடுது. தேங்கின நீர் திரும்பி ரத்தத்துக்கு வரும். சிறுநீரகம் அதை வடிகட்டி மூத்திரப்பைக்கு அனுப்பும். பகல்ல வர வேண்டிய வரத்து ராத்திரி வருது. பொழுதோட தண்ணியே குடிக்காம இருந்தாலும் அஞ்சு தடவை எந்திரிச்சதோட ரகசியம் இதுதான்.

கால் ஏன் வீங்குது? இதயம் சரியா பம்ப் பண்ணலைன்னா வீங்கலாம். சிறுநீரகம் கெட்டா வீங்கலாம். கல்லீரல், கால் நரம்புச் சுருட்டு, இப்படிப் பல காரணம். அதனால எக்கோ எடுத்தாங்க. இதயம் நல்லா இருந்துச்சு. கிரியேட்டினின் சரியா இருந்துச்சு. அப்புறம் மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தாங்க. பிரஷருக்கு ஆம்லோடிபின் 10 மில்லிகிராம். ரொம்ப நல்ல மாத்திரை, கோடிக்கணக்கான பேர் போடறாங்க. ஆனா அளவு கூடக்கூட சிலருக்குக் கால்ல நீர் கோர்க்கும். அதோட முட்டி வலிக்குன்னு மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடற வலி மாத்திரை. அதுவும் உடம்புல உப்பையும் நீரையும் பிடிச்சு வைக்கும், சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

இதயம் பலவீனமா இருக்கறவங்களுக்கு ராத்திரி யூரின் ஒரு முன்னறிவிப்பு மாதிரி. படுத்தா மூச்சு முட்டுது, ரெண்டு தலையணை வேண்டியிருக்கு, நடந்தா மூச்சு வாங்குதுன்னு கூடவே இருந்தா, யூரினுக்குன்னு போய் உட்காராம முதல்ல இதயத்தைப் பாருங்க.

உப்பையும் சொல்லணும். ஜப்பான்ல நாகசாகி பல்கலைக்கழகத்துல இருந்து ஒரு ஆய்வு 2017இல் வந்துச்சு. ராத்திரி எந்திரிக்கிறவங்க தினசரி உப்பை 10.7 கிராம்ல இருந்து 8 கிராமுக்குக் குறைச்சப்போ, எந்திரிக்கிறது சராசரியா 2.3 தடவையில இருந்து 1.4 ஆகியிருக்கு. ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம், கருவாடு. ராத்திரிச் சாப்பாட்டுல நம்ம தட்டுல இருக்கற இந்த நாலையும் நினைச்சுப் பாருங்க.

சுகர் ரெண்டு வழியில அடிக்கும்

ஐசிஎம்ஆர் ஆய்வு ஒண்ணு 2023இல் வெளியாச்சு. இந்தியாவுல 10 கோடிக்கும் மேல சர்க்கரை நோயாளிகள்னு அது சொல்லுச்சு. அதனால இந்தப் பகுதியை யாரும் ஸ்கிப் பண்ண முடியாது.

முதல் வழி, வரத்து. ரத்தத்துல சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினா யூரின்ல வழிய ஆரம்பிக்கும். சர்க்கரை போற இடத்துக்குத் தண்ணியையும் இழுத்துட்டுப் போகும். அதனால யூரின் கூடும், தாகமும் கூடும்.

ரெண்டாவது வழி மெதுவானது, மோசமானது. வருஷக்கணக்கா சுகர் கட்டுப்படாம இருந்தா, கால் நரம்பு மரத்துப் போற மாதிரியே மூத்திரப்பை நரம்பும் மரத்துப் போகும். அணை ரொம்பினதே கன்ட்ரோல் ரூமுக்குத் தெரியாது. சாதாரணமா 400, 500 மில்லிக்கு நமக்கு முட்டும். இவங்களுக்கு ஒரு லிட்டர் தேங்கினாலும் வலிக்காது. முழுசா வெளியேறாது, தேங்கினதுல கிருமி வளரும். இதுக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் மட்டும் பண்ணினா எதிர்பார்த்த பலன் கிடைக்காமப் போகலாம். மதகை அகலமாக்கியாச்சு, ஆனா தண்ணியைத் தள்ள சதைக்கு வலுவில்லை.

இன்னொண்ணு. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரைகள் இப்ப நிறைய எழுதறாங்க. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. ஆனா அது வேலை செய்யற விதமே சர்க்கரையை யூரின் வழியா வெளியேத்தறதுதான். அதனால யூரின் கொஞ்சம் கூடும், அந்த இடத்துல பூஞ்சைத் தொற்று, அரிப்பு வரலாம். "புது சுகர் மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்துதான்"னு அப்பா சொன்னா அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க. நீங்களா நிறுத்திடாதீங்க.

அப்பாவோட மூணு மாத சராசரி 9.1 இருந்துச்சு. "சுகர் கன்ட்ரோல்லதான் இருக்கு"ன்னு அவர் சொல்லிட்டு இருந்தது, ஒரே ஒருநாள் வெறும் வயித்துல எடுத்த ரிப்போர்ட்டை வச்சு.

குறட்டைக்கும் யூரினுக்கும் என்ன சம்பந்தம்?

இதை டாக்டர் கேட்டப்போ அம்மா சிரிச்சுட்டாங்க. "லாரி ஏத்தம் ஏறுற மாதிரி இருக்குங்க"ன்னாங்க. நடுவுல மூச்சு நிக்குதான்னு கேட்டாரு. "ஆமாங்க, திடீர்னு சத்தமே இருக்காது, அப்புறம் திக்குன்னு முழிச்சுக்குவாரு"ன்னாங்க.

தூக்கத்துல தொண்டை அடைச்சு மூச்சு நிக்கிறப்போ, உடம்பு மூச்சை இழுக்கப் போராடும். நெஞ்சுக்குள்ள அழுத்தம் மாறி, இதயத்தோட மேல் அறை இழுபடும். ரத்தம் அதிகமாயிடுச்சுன்னு இதயம் தப்பா நினைச்சு ஒரு ஹார்மோனை விடும். அந்த ஹார்மோன் சிறுநீரகத்துக்குச் சொல்ற சேதி, 'நீரை வெளியேத்து'. இதயம் ரத்தத்தைத் தள்ளற மோட்டார் மட்டும் இல்லை, ஹார்மோனும் சுரக்குதுன்னு 1981இல் கனடாவுல அடால்ஃபோ டி போல்ட் கண்டுபிடிச்சது இதைத்தான்.

அதனால சில பேர் யூரின் முட்டி எந்திரிக்கறதா நினைப்பாங்க. உண்மையில மூச்சு நின்னு முழிப்பு வந்திருக்கும். முழிச்சதுக்கப்புறம் யூரின் ஞாபகம் வரும். பலமான குறட்டை, பகல்ல டிவி முன்னாடி தூங்கி விழறது, பெரிய கழுத்து, கட்டுப்படாத பிரஷர், இதோட ராத்திரி யூரின். இந்தக் கூட்டணியைப் பார்த்தா தூக்கப் பரிசோதனை பத்திக் கேளுங்க. இன்னும் வண்டி ஓட்டற அப்பாவா இருந்தா கண்டிப்பா. ஸ்டீயரிங்ல கண் அசந்தா என்ன ஆகும்னு நாமக்கல்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கன்ட்ரோல் ரூம், மலச்சிக்கல், சளி மாத்திரை

இந்த மூணையும் வேகமாச் சொல்லிடறேன்.

பக்கவாதம், பார்க்கின்சன் இருக்கறவங்களுக்கு மூத்திரப்பையை அடக்கி வைக்கிற மூளைக் கட்டளை பலவீனமாகும். திடீர்னு அவசரம் வரும், பாத்ரூம் போறதுக்குள்ள கசியும். கை நடுக்கம், நடை மெதுவாகறது, கையெழுத்து சின்னதாகறது கூடவே இருந்தா நரம்பு டாக்டரையும் பார்க்கணும்.

மலச்சிக்கல். மலக்குடலும் மூத்திரப்பையும் பக்கத்துப் பக்கத்து வீடு. அங்க கெட்டியா அடைச்சிருந்தா இங்க இடம் இருக்காது. யூரின் தொந்தரவுக்குப் பயந்து தண்ணியைக் குறைச்சா மலம் இறுகும். மலம் இறுகினா யூரின் தொந்தரவு கூடும். ஒரு வட்டம்.

மூணாவது, சளி மாத்திரை. இதைத் தயவுசெஞ்சு ஞாபகம் வச்சுக்கங்க. மெடிக்கல்ல 'சளிக்கு ஒரு செட்டு'ன்னு வாங்கற மாத்திரையில பல நேரம் குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் இருக்கும். ஒண்ணு மூத்திரப்பைச் சதையைத் தளர்த்தும், இன்னொண்ணு மதகை இறுக்கும். புராஸ்டேட் வீக்கம் இருக்கற ஒருத்தருக்கு இது ஒரே ராத்திரியில யூரினை மொத்தமா அடைச்சுடலாம். கால் எரிச்சலுக்குத் தர்ற அமிட்ரிப்டிலினும் இதே பக்கம் இழுக்கும். மருந்து வாங்கும்போது "எனக்குப் புராஸ்டேட் இருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.

இதோட மறுபக்கமும் உண்டு. டாம்சுலோசின் மாதிரி புராஸ்டேட் மாத்திரை சிலருக்கு எந்திரிக்கும்போது பிரஷரை இறக்கும், தலை சுத்தும். ராத்திரி இருட்டுல, பின்வாசல்ல ரெண்டு படி இருக்கற வீட்டுல அது இடுப்பெலும்பு முறிவுல போய் முடியலாம். கட்டில்ல ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டு எந்திரிக்கணும். வழியில ஒரு சின்ன லைட் எரியணும். கண்புரை ஆபரேஷன் பண்ணப் போறாருன்னா, இந்த மாத்திரையை எப்பவாவது போட்டிருந்தாலும் கண் டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லணும். ஆபரேஷன் நேரத்துல கண்ணோட கருவிழித் திரை தொளதொளன்னு ஆகலாம்னு 2005லயே கண்டுபிடிச்சிருக்காங்க. தெரிஞ்சா அவங்க தயாரா இருப்பாங்க.

தண்ணியைக் குறைக்கிறது தீர்வு இல்லை

சேலம், நாமக்கல் சமவெளியில ஏப்ரல், மே எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அந்த வெயில்ல யூரினுக்குப் பயந்து தண்ணி குடிக்காம இருந்தா, யூரின் மஞ்சளா கெட்டியாகி நீர்க்கடுப்பு வரும், கல் உருவாக வழி பண்ணும், சிறுநீரகம் அடிபடும். அப்பா மாதிரி டிரைவர்களுக்கு இது வாழ்நாள் பழக்கம். லோடு ஏத்திட்டா நிறுத்த இடம் இல்லை, அதனால குடிக்கறதில்லை, வந்தாலும் அடக்கிக்கறது. தறி ஓட்டறவங்களுக்கும் அதே நிலைமைதான், தறியை விட்டுட்டு நகர முடியாது.

செய்ய வேண்டியது குறைக்கறது இல்லை, நேரத்தை மாத்தறது. காலையில இருந்து மதியம் வரைக்கும் நல்லா குடிக்கணும். படுக்கறதுக்கு ரெண்டு, மூணு மணி நேரம் முன்னாடி இருந்து குறைச்சுக்கணும். ராத்திரி டீயும் சரக்கும் வேண்டாம். கால்ல நீர் கோர்க்கறவங்க சாயங்காலம் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல தூக்கி வச்சுப் படுத்துட்டா, அந்த நீர் தூங்கறதுக்கு முன்னாடியே வெளியேறிடும். நீர் பிரியற மாத்திரை போடறவங்க எந்த நேரத்துல போடறதுன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. பல பேருக்கு நேரத்தை மாத்தினாலே ராத்திரி தூக்கம் கிடைக்கும். இதயம், சிறுநீரகப் பிரச்சினை இருக்கறவங்களுக்கு எவ்வளவு தண்ணிங்கறதையும் டாக்டர்தான் சொல்லணும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

சிலதுக்கு நோட்டு, மூணு நாள் கதையெல்லாம் ஆகாது. யூரின் மொத்தமா நின்னு அடிவயிறு உப்பி வலிச்சா, அன்னைக்கே, அந்த நேரமே ஆஸ்பத்திரி. யூரின்ல ரத்தம் வந்தா, வலியே இல்லாட்டியும் காட்டணும். ஒரு தடவை வந்து நின்னுபோச்சுன்னு விடக் கூடாது. குளிர் காய்ச்சலோட யூரின் எரிச்சல். திடீர்னு கால் பலவீனம், உட்கார்ற இடத்துல மரத்துப் போறது. அப்புறம், வயசான காலத்துல புதுசா தூக்கத்துலயே யூரின் போயிடறது. இது நிறைய வீட்டுல மறைக்கப்படுது. மூத்திரப்பை ரொம்பி வழியுதுன்னு அர்த்தமா இருக்கலாம். அந்த அழுத்தம் வலி இல்லாமலே சிறுநீரகத்தைக் கெடுத்துட்டு இருக்கலாம். யூரின் போன பிறகு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு ஒரு சாதாரண ஸ்கேன்ல பார்த்துடலாம்.

சேலத்துல மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. நாமக்கல்லயும் 2022ல இருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. 2021 ஆகஸ்ட் 5 அன்னைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல, பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது. அந்த அக்கா வரும்போது மாத்திரையை வாங்கிட்டுக் கதவைச் சாத்தாம, "இவருக்குக் கால் வீங்குது, ராத்திரி இத்தனை தடவை எந்திரிக்கிறாரு"ன்னு சொல்லுங்க. எங்க காட்டணும்னு அவங்க வழி சொல்லுவாங்க.

எப்படிக் கேக்கறது?

கடைசியா, இதுதான் கஷ்டமான பகுதி. "அப்பா, உங்களுக்கு யூரின் பிரச்சினை இருக்கா?"ன்னு கேட்டா "இல்லை"ன்னுதான் வரும். எண்ணிக்கையாக் கேளுங்க. "நேத்து ராத்திரி எத்தனை தடவை எந்திரிச்சீங்க?" அதுக்குப் பதில் வரும். அம்மாகிட்ட தனியாக் கேளுங்க. அவங்க தூக்கமும் சேர்ந்துதான் கெடுது. கால்ல மோதிர விரல் அகலத்துக்குச் செருப்பு வார் அச்சு விழுந்திருக்கான்னு பாருங்க. எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு, டாக்டர் மேஜை மேல கொட்டுங்க. சுகர் டாக்டருக்கு ஒரு சீட்டு, பிரஷருக்கு ஒரு சீட்டு, புராஸ்டேட்டுக்கு ஒரு சீட்டுன்னு இருந்தா, மூணையும் ஒண்ணாப் பார்க்கற ஆள் யாருமே இல்லை. அந்த ஆள் நீங்களா இருக்கலாம். அதுக்கு டாக்டர் பட்டம் தேவையில்லை.

அப்பா கதையை முடிச்சுடறேன். டாக்டர் பிரஷர் மாத்திரையை மாத்தினாரு. வலி மாத்திரையை நிறுத்தினாரு. சுகர் இப்ப 7.2. தூக்கப் பரிசோதனையில மூச்சு நிக்கிறது உறுதியாச்சு. அந்த முகமூடி மெஷினை மாட்டிக்கிட்டுப் படுக்க ஒண்ணரை மாசம் சண்டை. இப்பவும் வாரத்துல ரெண்டு நாள் மாட்டறதில்லை. புராஸ்டேட் மாத்திரை அப்படியே தொடருது, அது வேணும். ராத்திரி அஞ்சு இப்ப ரெண்டு. சில நாள் மூணு. அதிசயம் எல்லாம் இல்லை.

ஆனா போன மாசம் ஆத்தூர்ல அந்தப் பேத்தியோட குழந்தைக்குப் பேர் வச்சாங்க. அப்பா பஸ்ல போனாரு. சேலத்துல இறங்கி ஒரு தடவை, அவ்வளவுதான். போய்ச் சேர்ந்ததும் எனக்கு போன் பண்ணினாரு. "வண்டி இழுக்கலைன்னா உடனே இன்ஜினைத் தொறக்கக் கூடாது சாமி. லோடைப் பாரு, ஃபில்டரைப் பாரு. நானே நாப்பது கிளீனருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். எனக்குத் தோணலை பாரு"ன்னாரு.

அவருக்குத் தோணாததுக்குக் காரணம் எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமா அவர்கிட்ட யாருமே கேட்கலை. நானும்தான்.

இன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. சாப்பிட்டீங்களான்னு கேட்டு முடிச்சதும், அந்த இன்னொரு கேள்வியையும் கேட்டுடுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எங்களுக்கும் எழுதுங்க, பேர் போடாம படிப்போம். அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.